‘சேர்’மாருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்

மாத்தளைக்காரர்களாகிய எமக்கு ஒரு பெருமை உண்டு. அதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. இலங்கையின் முதலாவது சாரணர் துருப்பு தோன்றியது கொழும்பில் அல்ல, கண்டியிலும் அல்ல. 1912ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் மாத்தளை கிறிஸ்ட் சர்ச் கல்லூரியில்தான் அதை ஆரம்பித்தார். இங்கிலாந்தில் பேடன் பவல் சுமார் இருபது பையன்களைக் கூட்டிக்கொண்டு பிரவுன்ஸீ தீவில் முதற் பாசறை அமைத்தது 1907 ஆகஸ்டில். ஐந்தே வருடங்களில் அந்த விதை கடல் கடந்து வந்து எமது சுது கங்கைப் பக்கம் முளைத்துவிட்டது. 2012இல் நாடு சாரணியத்தின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, அந்த நூறு வருடங்களும் எண்ணப்பட்டது எமது ஊரிலிருந்துதான்.

சகோதரிகளே! இன்று உங்களில் எத்தனையோ பேரின் மகன்மார் கழுத்தில் ஸ்காஃபைக் கட்டிக்கொண்டு சனிக்கிழமைகளில் பாடசாலைக்குப் போகிறார்கள். மகள்மார் சாரணியர் படையில் இருக்கிறார்கள். பாசறைக்குப் போகும் நாளில் அரிசி, பருப்பு, தேங்காய், டோர்ச் எல்லாம் கட்டிக் கொடுத்து, பஸ் வரைக்கும் வந்து, “சேர், புள்ளைய பத்திரமாப் பாத்துக்கொள்ளுங்க” என்று ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறீர்கள். அந்த ‘சேர்’ நல்லவர், பொறுப்பானவர், உங்களுக்கு அவரைத் தெரியும். அவருக்காகத் துஆவும் செய்கிறீர்கள். ஆனால் ஒரு கேள்வி. அந்தச் சேருக்குக் கூடாரம் அடிக்கவும், ஆற்றின் ஆழம் பார்க்கவும், நாற்பது பிள்ளைகளை இருட்டில் எண்ணி எடுக்கவும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பெரும்பாலானோர் இதை யோசிப்பதில்லை. ஆசிரியர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்பது எமது எண்ணம். கணக்கு படிப்பிக்கத் தெரிந்தவருக்குக் காட்டில் பிள்ளைகளைக் காக்கவும் தெரிந்திருக்கும் என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? வகுப்பறை வேறு, பாசறை வேறு. வகுப்பறைக்குச் சுவர் இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் மணி அடிக்கும். பாசறையில் மணியும் இல்லை, சுவரும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வரும். மழை வந்து கூடாரத்துக்குள் தண்ணீர் ஏறும். எங்கள் ரிவஸ்டன் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பத்து நிமிடத்தில் பனிமூட்டம் வந்து முன்னால் நடப்பவரின் முதுகு மறைந்துவிடும். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருவர் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். பழக்குவதற்கென்று சிலர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

தோட்டத்தில் தொடங்கிய மத்ரஸா

முதலாம் உலகப் போருக்குப் பிறகு பேடன் பவலுக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்; அவர்களை நடத்தப் பெரியவர்கள் போதவில்லை. இருந்த பெரியவர்களிலும் பலருக்குப் பட்டாளத்து அணிவகுப்பு தெரியுமே தவிரப் பிள்ளைகளை வளர்க்கத் தெரியாது. அவர் 1908இல் எழுதிய நூலைப் பையன்களே வாங்கி வாசித்துத் தங்களுக்குள் குழு அமைத்துக்கொண்டார்கள். பிறகுதான் தலைவரைத் தேடினார்கள் என்பது அந்த இயக்கத்தின் வேடிக்கையான வரலாறு.

அந்த நேரத்தில் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் டி பொய்ஸ் மெக்லாரன் என்ற தனவந்தர், லண்டனுக்கு அருகே எப்பிங் காட்டு ஓரத்தில் கில்வெல் பார்க் என்ற பாழடைந்த தோட்டத்தை 1919இல் வாங்கிக் கொடுத்தார். அதே வருடம் செப்டெம்பர் 8ஆம் திகதி அங்கே முதலாவது தலைவர் பயிற்சி தொடங்கியது. அதை நடத்தியவர் பிரான்சிஸ் கிட்னி. வந்தவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆண்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். அவர்களைப் பையன்கள் போலவே அணி அணியாகப் பிரித்து, கூடாரத்தில் படுக்க வைத்து, தாமே விறகு பொறுக்கித் தாமே சமைக்க வைத்தார்கள். சொற்பொழிவு கேட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டு போவதல்ல அந்தப் பயிற்சி. பிள்ளை படும் பாட்டைப் பெரியவர் ஒரு தடவை பட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் பாடம்.

1923இல் கிட்னிக்குப் பிறகு பொறுப்பேற்ற ஜே. எஸ். வில்சன் எமது பக்கத்து நாட்டோடு சம்பந்தப்பட்டவர். கல்கத்தா பொலிஸில் அதிகாரியாக இருந்தவர். இருபது வருடங்கள் கில்வெல்லில் இருந்து உலகின் பல நாடுகளுக்கும் பயிற்றுநர்களை உருவாக்கி அனுப்பினார். நூறு வருடங்களுக்குப் பிறகு இன்று எமது மாவட்டத்தில் ஓர் ஆசிரியர் எடுக்கும் பயிற்சியும் அந்தத் தோட்டத்து வழிமுறையிலிருந்து வந்ததுதான். அறபுக் கல்லூரியில் ஓதியவன் என்ற வகையில் எனக்கு இது பழக்கமான விடயம். நாங்கள் ஒரு கிதாபை ஓதினால், இதை எனக்கு ஓதித் தந்தவர் இன்னார், அவருக்கு ஓதித் தந்தவர் இன்னார் என்று ஸனதைச் சொல்வோம். சாரணியத்திலும் ஒரு ஸனது இருக்கிறது. ஆனால் அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

கழுத்தில் தொங்கும் மரமணிகள்

பாசறைகளில் சில ஆசிரியர்களின் கழுத்தில் ஒரு தோல் நூலும் அதன் இரு நுனிகளில் சிறிய மரமணிகளும் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். வுட் பேட்ஜ் எனப்படும் தருச்சின்னம் அது. இரண்டு மணி என்றால் தலைவருக்குரிய முழுப் பயிற்சியையும் முடித்தவர். மூன்று மணி என்றால் பயிற்றுவிப்பில் உதவி செய்யும் தகுதி பெற்றவர். நான்கு மணி என்றால் பயிற்சி நெறியையே பொறுப்பேற்று நடத்தக் கூடியவர்.

ஒரு தடவை பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தாத்தா என்னிடம் தனியாக வந்து, “மௌலவி, அது தாயத்தா?” என்று கேட்டார். கேட்டது நல்லது. மனதில் வைத்துக்கொண்டு மகனை நிறுத்தியிருந்தால் விளக்கம் சொல்ல வழி இருந்திருக்காது. தாயத்தும் அல்ல, மந்திரமும் அல்ல. பரீட்சையில் சித்தியடைந்தவருக்குக் கொடுக்கும் சான்றிதழைப் போன்றது. கடதாசிக்குப் பதிலாக மரம், அவ்வளவுதான். முதலில் கொடுக்கப்பட்ட மணிகள் தென்னாபிரிக்காவின் ஸூலு மன்னர் தினுஸூலுவின் மாலையிலிருந்து எடுக்கப்பட்டவை என்பார்கள். 1888இல் அந்நாட்டில் நடந்த படை நடவடிக்கையின்போது அந்த மாலை பேடன் பவலின் கைக்கு வந்ததாம். எப்படி வந்தது என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் இருக்கின்றன. ஒரு மக்களின் மன்னர் அணிந்த மாலை வெள்ளைக்கார அதிகாரியின் பெட்டிக்குள் போனது எனக்கு இனிக்கும் கதை அல்ல. ஆனாலும் இன்று அந்தச் சின்னத்தை அணிவோரில் ஆபிரிக்கரும் இருக்கிறார்கள், ஆசியரும் இருக்கிறார்கள். உலகிலேயே மிகப் பெரிய சாரண இயக்கம் எந்த நாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? இங்கிலாந்தில் அல்ல, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில். 1961இல் அங்கிருந்த பல சாரண அமைப்புகளையும் ஒன்றாக்கி ‘பிரமுகா’ என்ற பெயரில் அதை அமைத்தார்கள்.

மணிகள் ஒரு வாரத்தில் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சிப் பாசறை முடிந்து ஆசிரியர் தனது பாடசாலைக்குத் திரும்பிய பிறகுதான் பெரிய வேலை தொடங்குகிறது. படித்ததைத் தனது துருப்பில் மாதக் கணக்கில் செய்து காட்ட வேண்டும். அந்தக் காலம் முழுவதும் ஒரு மூத்த பயிற்றுநர் அவருக்கு வழிகாட்டியாக இருப்பார். வந்து பார்ப்பார். பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார். பிறகு ஒரு பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, இதை இப்படிச் செய்தால் என்ன என்று கேட்பார். இதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை. பல வேளைகளில் பஸ் காசும் சொந்தக் காசுதான்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பாடம்

எனக்குத் தெரிந்த ஒரு பயிற்றுநர் இருக்கிறார். ஓய்வு பெற்ற அதிபர், சிங்களச் சகோதரர். பெயரைப் போடுவதை விரும்பமாட்டார் என்பதால் போடவில்லை. “ஆசிரியர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது மிகக் கஷ்டம்?” என்று அவரிடம் கேட்டேன். முடிச்சுப் போடுவது, முதலுதவி, வரைபடம் பார்ப்பது என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். “சும்மா இருப்பது” என்றார்.

விளக்கமும் சொன்னார். சாரணியத்தின் உயிர் அணி முறையில் இருக்கிறது. ஆறு, ஏழு, எட்டுப் பையன்கள் ஓர் அணி. அவர்களுக்கு அவர்களிலேயே ஒருவன் தலைவன். அந்த அணிக்குரிய சமையலை அந்த அணிதான் செய்ய வேண்டும். ஆசிரியர் வகுப்பில் பழகியவர். ஒரு பையன் விறகைத் தவறாக அடுக்கினால் அவருக்குக் கை துடிக்கும். ஓடிப்போய்த் தானே அடுக்கிவிடுவார். சோறு நன்றாக வேகும். பையன் ஒன்றும் படிக்க மாட்டான். ஆகவே பயிற்சியில் இந்தப் பெரியவர்களுக்கே விறகைக் கொடுத்து, நனைந்த விறகோடு ஒரு மணித்தியாலம் போராடவிட்டு, பயிற்றுநர் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நிற்பார். கத்தி கையில் இருக்கும்போதும், தீ பரவப் பார்க்கும்போதும், தண்ணீருக்குக் கிட்டே போகும்போதும் மட்டும் உடனே வருவார். எங்கே விட வேண்டும், எங்கே விடவே கூடாது என்ற இந்த எல்லையைத்தான் அவர் கற்றுக் கொடுக்கிறார். புத்தகத்தில் இதை எழுதலாம். கண்ணால் பார்க்காமல் வராது.

இதைக் கேட்டபோது எனக்கு எமது வீடுகள்தாம் ஞாபகத்துக்கு வந்தன. பதின்மூன்று வயது மகனுக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கும் உம்மாமாரைக் கண்டிருக்கிறேன். அன்பினால்தான் செய்கிறார்கள். அந்த மகன் பாசறைக்குப் போய் வந்து, தான் சாப்பிட்ட பீங்கானைத் தானே கழுவி வைத்தால், உம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. “சேர் என்ன செஞ்சாரோ தெரியாது” என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். சேர் ஒன்றும் செய்யவில்லை! சும்மா இருந்தார். அப்படி இருக்க அவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அதே பயிற்றுநரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் நடத்திய பாசறையொன்றில் முஸ்லிம் ஆசிரியர்கள் சிலரும் இருந்தார்கள். திசைகாட்டிப் பாடம் வந்தபோது, கிப்லாவைக் கண்டுபிடித்துத் தரும்படி அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். எமது பகுதியிலிருந்து கஃபதுல்லாஹ் நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 24 பாகை திரும்ப வேண்டும். திசைகாட்டியில் 294. அதைக் கணித்துக் கயிறு கட்டி ஸஃப் அமைத்தார்கள். லுஹர் தொழுகை அதே இடத்தில் நடந்தது. சமையலிலும் அப்படித்தான். ஹலால் சட்டி வேறு என்பதைக் கேட்காமலே ஏற்பாடு செய்திருந்தார். சாரணர் உறுதிமொழியில் தன் சமயத்துக்குச் செய்ய வேண்டிய கடமை முதலில் வருகிறது என்பதை அவர் வாயளவில் எடுத்துக்கொள்ளவில்லை. பாசறையில் பிள்ளையின் தொழுகை தவறுமோ, சாப்பாடு எப்படியோ என்று கவலைப்படும் தாய்மார் இதை அறிந்துகொள்வது நல்லது. தலைவர் நன்றாகப் பயிற்றப்பட்டிருந்தால் இந்த விடயங்கள் புறப்படுமுன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும். புறப்படுமுன் நீங்களும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

சில விடயங்களைக் குடும்பப் பத்திரிகையில் எழுதத் தயங்குவோம். ஆனால் இதைத் தாய்மாருக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? 2020 பெப்ரவரியில் அமெரிக்காவின் சாரணர் அமைப்பு வங்குரோத்து அடைந்ததாக நீதிமன்றத்துக்குப் போனது. காரணம் வியாபார நட்டம் அல்ல. சிறு பராயத்தில் அந்த அமைப்பில் இருந்தபோது பெரியவர்களால் பாலியல் துன்பத்துக்கு ஆளானோம் என்று 80,000க்கும் அதிகமானோர் முறையிட்டார்கள். பல பத்து வருடங்களாக மூடி வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது.

இதைப் படித்துவிட்டு மகனை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகள் பெரியவர்களோடு இருக்கும் எந்த இடத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. எமது மத்ரஸாக்களுக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் உண்டு. இன்று உலக சாரண அமைப்பு, பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காக்கும் கொள்கையைத் தலைவர் பயிற்சியில் ஒரு பகுதியாக்கியிருக்கிறது. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மறைவான இடத்தில் தனித்திருக்கக் கூடாது. எப்போதும் இன்னொருவரின் கண்ணுக்கு எட்டும்படி இருக்க வேண்டும். பெரியவரும் பிள்ளையும் ஒரே கூடாரத்தில் படுக்கக் கூடாது. பிள்ளை ஒரு முறைப்பாட்டைச் சொன்னால் வாயை மூடச் சொல்லக் கூடாது. இவை போன்ற ஒழுங்குகளைத் தன்னார்வமாக வரும் ஒருவருக்கு முகத்துக்கு நேரே சொல்பவர் அந்தப் பயிற்றுநர்தான். சொல்வது இலேசான வேலை அல்ல. வந்திருப்பவர் நண்பராக இருப்பார், ஊரில் மதிப்புள்ளவராக இருப்பார், “என்னையா சந்தேகப்படுகிறீர்கள்?” என்று முகம் சுளிப்பார். அப்படியும் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு வருபவரை இந்த ஒழுங்குகள் குறைத்துவிடுவதில்லை. அவரையும் வீண் பழியிலிருந்து காக்கின்றன. கெட்ட எண்ணத்தோடு வருபவருக்கு வழியை அடைக்கின்றன. எனது அபிப்பிராயம், தருச்சின்னத்தின் எல்லாப் பாடங்களையும் விட இந்த ஒன்றுக்காகவே பயிற்றுநர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே மலையில் பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் தெளிந்து ஓடும் தண்ணீர் திடீரென்று கலங்கினால் அந்தக் கணமே எல்லோரையும் கரைக்கு ஏற்ற வேண்டும். பயிற்சி பெற்ற தலைவர், பிள்ளைகளை இருவர் இருவராகச் சோடி சேர்த்து, சிறிது நேரத்துக்கு ஒரு தடவை விசில் ஊதி எண்ணுவார். பார்ப்பவர்களுக்கு விளையாட்டுப் போலத் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மழை மலைநாட்டை உலுக்கி, எமது மாவட்டத்திலும் மண்சரிவுகளை ஏற்படுத்திய பிறகு, தண்ணீரையும் மலைச் சரிவையும் பற்றி எமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர் மாற்றலாகிப் போனால்

பல பாடசாலைகளில் ஒரே கதையைக் காணலாம். உற்சாகமான ஓர் ஆசிரியர் வருகிறார். ஒரு துருப்பை எழுப்புகிறார். நான்கைந்து வருடங்களில் பிள்ளைகள் ஜனாதிபதி சாரணர் விருது வரைக்கும் போகிறார்கள். பிறகு அவருக்கு இடமாற்றம் வருகிறது. பிரியாவிடை, பொன்னாடை, போட்டோ. அடுத்த வருடம் கூடாரங்கள் களஞ்சிய அறையில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. கயிறை யாரோ உடுப்புக் காயப்போட எடுத்துப் போய்விட்டார்கள்.

இது அந்த ஆசிரியரின் குறை அல்ல. ஒருவர் போனால் இன்னொருவர் வரும்படி வரிசை இருக்க வேண்டும். அந்த வரிசையை உண்டாக்குவது பயிற்றுநர்களின் வேலை. ஒரு நல்ல தலைவர் தனது துருப்பில் முப்பது, நாற்பது பிள்ளைகளைப் பார்ப்பார். ஒரு பயிற்றுநர் ஒரு நெறியில் முப்பது தலைவர்களை உருவாக்கினால், அந்த முப்பது பேருக்கும் தலைக்கு முப்பது பிள்ளைகள், தொள்ளாயிரம் குடும்பங்கள்! அவருக்கோ அந்தத் தொள்ளாயிரத்தில் ஒரு பிள்ளையின் பெயரும் தெரியாது. விருது விழாவில் பெற்றோர் தலைவரைச் சுற்றி நிற்பார்கள். பயிற்றுநர் வந்திருந்தாலும் பின் கதிரையில் இருந்துவிட்டுப் போய்விடுவார்.

ஸீறாவைப் படித்தவர்களுக்கு முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களைத் தெரியும். ஹிஜ்ரத்துக்கு முன்பே, முதலாம் அகபா உடன்படிக்கைக்குப் பின் யத்ரிபுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே பெரியவர்களுக்கு ஓதிக் கொடுத்தார். அவர்கள் தத்தம் வீட்டாருக்குச் சொன்னார்கள். அடுத்த வருடம் எழுபதுக்கும் அதிகமானோர் வந்தார்கள். இரண்டு பெண்களும் அவர்களில் இருந்தார்கள். முஸ்அபைப் பற்றிப் பயான்களில் நாம் சொல்கிறோம். அவரைத் தமது வீட்டில் வைத்துச் சோறு போட்ட அஸ்அத் இப்னு ஸுராரா (ரழி) அவர்களை எத்தனை பயான்களில் சொல்கிறோம்? ஒரு பயிற்றுநருக்குப் பின்னால் எப்போதும் ஒரு வீடு இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாமல் போவதைப் பொறுத்துக்கொள்ளும் மனைவி, “வாப்பா இந்தப் பெருநாள் லீவிலும் பாசறையா?” என்று கேட்கும் பிள்ளை. அந்த வீட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பெண்களின் பங்கு

பெண் பிள்ளைகளின் சாரணியமும் எமக்குத் தூரத்து விடயம் அல்ல. 1917இல் இலங்கையின் முதலாவது பெண் சாரணியர் குழு கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் தொடங்கியது. ஜெனி கல்வர்லி என்ற ஆசிரியை அதை ஆரம்பித்தார். மாத்தளையில் பையன்களுக்குத் தொடங்கி ஐந்து வருடங்களில், பக்கத்துக் கண்டியில் பெண்களுக்கு. சிறுவர்களுக்கான குருளைச் சாரணர் பிரிவு 1916இல் இங்கிலாந்தில் தொடங்கியபோதும், பேடன் பவலுக்குத் துணை நின்று அதை உருவாக்கியவர் வேரா பார்க்லே என்ற பெண்மணி. இன்றும் குருளைகளுக்கு ஆசிரியைமாரே பெரும்பாலும் தலைவிகளாக இருக்கிறார்கள். பெண் சாரணியருக்கென்று இந்தியாவின் பூனா நகரில் ‘சங்கம்’ என்ற உலக நிலையம் 1966இல் திறக்கப்பட்டு இன்றும் பயிற்சிகளை நடத்துகிறது.

எமது முஸ்லிம் மகளிர் பாடசாலைகளில் சாரணியர் குழு நடத்தப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆர்வம் இருக்கிறது. பற்றாக்குறை பயிற்சி பெற்ற தலைவிகளுக்குத்தான். பெண் பிள்ளைகளைப் பாசறைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது நியாயமானதே. கூடப் போகும் ஆசிரியை பயிற்சி பெற்றவராக இருந்தால் அந்தத் தயக்கத்தில் பாதி போய்விடும். ஆசிரியையைப் பயிற்றுவிக்கவும் ஒரு பெண் பயிற்றுநர் இருந்தால் மீதியும் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாக இருக்கிறார்கள். இருப்பவர்களையாவது நாம் மதிக்கிறோமா? தூரத்திலிருந்து வரும் ஒரு பெண் பயிற்றுநருக்குத் தங்க ஒரு வீடு, தொழ ஓர் இடம், திரும்பிப் போக ஒரு துணை. இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மஹல்லாவில் உள்ள பெண்கள் நினைத்தால் ஒரு மாலையில் ஏற்பாடு செய்யலாம்.

நன்றி என்றதும் எமக்குப் பொன்னாடையும் நினைவுச் சின்னமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்தப் பயிற்றுநர்களின் வீட்டு அலுமாரிகளில் நினைவுச் சின்னங்கள் நிறையவே இருக்கின்றன. தூசி துடைப்பது வீட்டுக்காரிக்கு வேலை. அவர்களுக்கு உண்மையில் தேவையானது வேறு. தங்களிடம் பயின்றவர் என்ன செய்கிறார் என்று அறிய ஆசைப்படுகிறார்கள். உங்கள் மகன் பாசறையிலிருந்து வந்து எப்படி மாறினான் என்பதை நான்கு வரியில் எழுதி, மகனின் சேரிடம் கொடுத்து, “இதை உங்களுக்குப் படிப்பித்தவருக்குக் கொடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த அந்த ஓய்வு பெற்ற அதிபரின் மணிபேர்ஸில் அப்படி ஒரு கடிதம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தமிழில் எழுதப்பட்டது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு பேரிடம் வாசித்துக் கேட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களுக்குப் போகும் சகோதரிகள் இன்னொன்றையும் செய்யலாம். “எங்கள் துருப்பின் ஆசிரியர் எந்தக் கட்டம் வரை பயிற்சி எடுத்திருக்கிறார்? அடுத்தவர் யார்?” என்று கேளுங்கள். பயிற்சிக்குப் போக ஆசிரியருக்கு லீவு வேண்டும். அதிபரின் சம்மதம் வேண்டும். சில சமயம் ஒரு சிறு தொகையும் வேண்டும். பான்ட் வாத்தியத்துக்குப் பணம் சேர்க்கும் சங்கம் இதற்கும் சேர்க்கலாம்.

சென்ற தடவை எமது பகுதியிலிருந்து ஓர் ஆசிரியை குருளைத் தலைவிகளுக்கான பயிற்சிக்குப் போவதா விடுவதா என்று இரண்டு மாதம் யோசித்தார். கைக்குழந்தை இல்லை, ஆனால் நான்கு வயதில் ஒரு மகள். கணவர் சரி என்றார். மாமி என்ன சொல்வாரோ என்பதுதான் பயம். கடைசியில் மாமியே கேட்டாராம், “மகள், நீங்க படிக்கப் போற எடத்துல படிச்சுத் தாறது பொம்புளையா, ஆம்புளையா?” பெண்கள்தாம் என்றதும், “அப்ப போய்ட்டு வாங்க. அந்த மிஸ்ஸுக்கும் வீட்டுல ஒரு மாமி இருக்கும் தானே” என்று சொல்லி, பயணத்துக்குச் சம்பலும் வறுத்துப் போத்தலில் போட்டுக் கொடுத்தாராம். இரண்டு போத்தல், ஒன்று அந்த மிஸ்ஸுக்கு.